ஆச்சி போட்ட ‘படப்பு’

செமஸ்டர் புராஜெக்ட் என்றால் லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹோட்டல் பில்லிங் என்று எல்லோரும் எடுப்பதையே எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். சென்னையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் அந்தப் பெண், நான்கு பேர் அவரவர் போனில் ஆடும் தமிழ்ச் சொல் சீட்டு விளையாட்டை எடுத்துக்கொண்டாள். காரணம், கோவில்பட்டியில் தனியாக இருக்கும் ஆச்சி. தாத்தா போன பிறகு ஆச்சியோடு ரம்மி ஆட ஆளில்லை. துபாயில் இருக்கும் மாமா தினமும் வீடியோ காலில் வருவார். ‘சாப்பிட்டியா’வுக்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்பது பெயரில்தான் பயமுறுத்தும். 1960-களில் நார்வேயில் டால், நிகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா மொழியில் தொடங்கிய யோசனை அது. வெளியே உள்ள பொருள்களைப் போலவே புரோகிராமுக்குள்ளும் பொருள்களை வைப்பது. சீட்டு ஒரு பொருள். கட்டு, கை, ஆட்டக்காரர், மேசை எல்லாம் தனித்தனிப் பொருள்கள். கட்டுக்குக் கலைக்கத் தெரியும், பிரித்துப் போடத் தெரியும். யார் ஜெயிக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒருவர் கையை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. ரம்மி ஆடுகிறவர்கள் சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பார்களே, அதேதான்.

முதல் தடவை அவள் நான்கு பேர் சீட்டையும் நான்கு போனுக்கும் அனுப்பிவிட்டு, திரையில் மட்டும் மறைத்து வைத்தாள். ஹாஸ்டல் தோழி ஐந்தே நிமிடத்தில் எல்லார் கையையும் படித்துக் காட்டினாள். அதன் பிறகு மேசை சர்வரில் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு போனுக்கும் அதன் சொந்தச் சீட்டு மட்டும்தான் போகும். மாமா லிஃப்ட்டில் ஏறி சிக்னல் போனாலும் அவர் சீட்டு மேசையில் பத்திரமாக இருக்கும்.

பெரிய தலைவலி எழுத்துதான். 247 எழுத்துக்கும் சீட்டு போட்டால் கையில் ஙௌ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் 12 உயிர், 18 மெய் மட்டும் என்று வைத்தாள். க் சீட்டையும் ஆ சீட்டையும் சேர்த்தால் கா. 1930-களில் ஸ்கிராபிளுக்கு அடிபோட்ட ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். இவள் வாரப் பத்திரிகைக் கதைகளை எண்ணினாள். அ சீட்டு நிறைய, ஔ சீட்டு ஒன்றே ஒன்று.

‘மரம்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது நான்கு குறி: ம, ர, ம, ஒரு புள்ளி. சீட்டுக் கணக்கில் ஐந்து: ம், அ, ர், அ, ம். நம் இலக்கணம் மெய்யில் உயிரை ஏற்றுகிறது. யூனிகோடோ உயிர் ஏறிய எழுத்தை முதலில் வைத்து, மெய் வேண்டுமென்றால் புள்ளியைச் சேர்க்கிறது. இந்தக் குழப்பம் முழுவதையும் ‘எழுத்து’ என்ற ஒரே வகுப்புக்குள் அடைத்தாள். மற்ற பொருள்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

முதல் ஆட்டம். ஆச்சி, மாமா, மதுரையிலிருந்து அம்மா, இவள். ஆச்சி நிதானமாக ஏழு சீட்டை வைத்தார்: படப்பு. ‘தவறான சொல்’ என்றது போன். இறக்கி வைத்த சொல்பட்டியலில் அது இல்லை.

“எனக்கு இது சரிப்படாது ட்டீ. படிச்சவங்க விளையாட்டு” என்று ஆச்சி போனை வைத்துவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

மாமாவுக்குத்தான் கோபம். “வைக்கோல் படப்பு மேல இருந்து நான் விழுந்தேனே, அது சொல் இல்லையா?”

பட்டியலில் அந்த ஒரு சொல்லைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் நாளைக்கு ஆச்சி ‘சொளவு’ என்பார். அவள் ‘நடுவர்’ என்று புதிதாக ஒரு பொருளை உண்டாக்கினாள். மேசை அதனிடம் ஒரே கேள்விதான் கேட்கும்: இது சொல்லா? நடுவர் முதலில் பட்டியலைப் பார்ப்பார். இல்லையென்றால் சீட்டை வைத்தவர் அர்த்தம் சொல்ல வேண்டும்; மற்ற மூவரில் இருவர் ஒப்புக்கொண்டால் சொல் ஏறிவிடும். பட்டியல் மேசைக்குள்ளேயே இருந்ததால் அதை மட்டும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கட்டிலும் கையிலும் ஒரு வரிகூட மாறவில்லை. வைவாவில், “குடும்பமே சேர்ந்து பொய் ஓட்டுப் போட்டால்?” என்று ஆசிரியர் கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இல்லை.

ஆச்சியைத் திரும்ப உட்காரவைக்க இரண்டு வாரம் ஆனது. முதலில் ஏறிய சொல் படப்புதான். அர்த்தம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தவர், எந்த வருஷம் எவ்வளவு உயரம் போட்டார்கள், மழையில் எது நனைந்தது என்று இருபது நிமிடம் பேசினார். சீட்டு அப்படியே கிடந்தது.

போன ஞாயிறு மாமா எட்டுச் சீட்டை வைத்து ‘மம்பட்டி’ என்றார். அம்மா சரி என்றார். ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை. “மண்வெட்டின்னு ஒழுங்கா எழுதுலே” என்றார். ஓட்டு பேத்தியிடம் வந்தது. அவள் ஆச்சி பக்கம் போட்டாள். மாமாவின் எட்டுச் சீட்டும் கைக்கே திரும்பின.