கறிவேப்பிலைக் கன்றின் பயணம்

நாகபுரியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றிற்கு ஏப்ரல் மாதத்தில் தில்லிக்கு மாற்றலாணை வந்தது. வீட்டுப் பொருள்களைப் பார்வையிட வந்த சரக்கு வண்டிக்காரர், "செடிகளை ஏற்ற மாட்டோம்; மூடிய வண்டியின் வெப்பத்தில் வாடிவிடும்" என்று கூறிவிட்டார்.

மாடத்தில் பத்துத் தொட்டிகள் இருந்தன. மகிழுந்தில் மூன்றுக்கே இடம் உண்டு. துளசியும் மல்லிகையும் சிறிய தொட்டிகளில் இருந்தன. கறிவேப்பிலையோ மகளின் உயரத்திற்கு வளர்ந்திருந்தது. அது, பாட்டி திண்டுக்கல்லிலிருந்து கொண்டுவந்த பழத்தின் விதையை அவளே ஊன்றி வளர்த்த செடி. "இதை விட்டு வரமாட்டேன்" என்று அவள் அழுதாள்.

தாய் கடிந்துகொள்ளவில்லை. செடியின் அடியில் வேரிலிருந்து முளைத்திருந்த கன்று ஒன்றைக் காட்டினாள். இருவரும் அதனை வேர் அறாமல் பெயர்த்துச் சிறு தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வைத்தனர். தாய்ச்செடியை அண்டைவீட்டு மராத்தி அம்மையார் அன்புடன் ஏற்றுக்கொண்டார்.

புறப்படுவதற்கு முன்னாள் மாலையே செடிகளுக்கு நீர் ஊற்றினர். தொட்டிகளின் வாயைச் செய்தித்தாளால் மூடிக் கட்டினர். அட்டைப்பெட்டியில் அசையாமல் பொருத்தி, பின்னிருக்கையின் காலடியில் வெயில் படாதவாறு வைத்தனர். கதிரவன் எழுமுன் வண்டி கிளம்பியது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், நருமதை ஆற்றைக் கடந்து வடக்கு நோக்கிச் சென்றது. நண்பகலில் உணவுக்காக நின்றபோது மகள் பெட்டியை இறக்கி மரநிழலில் வைத்துக் காவல் இருந்தாள். இரவு சாகர் நகரில் தங்கிய அறைக்குள்ளும் செடிகள் உடன் வந்தன.

தில்லி சேர்ந்த நான்காம் நாள் கன்றின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

"அம்மா, இது பட்டுப்போயிற்றா?"

தாய் தண்டை நகத்தால் மெல்லக் கீறினாள். உள்ளே பச்சை தெரிந்தது.

"உயிர் இருக்கிறது, கண்ணே. இடம் மாறியதால் இலையை உதிர்க்கிறது. வேர் பிடிக்கும்வரை நிழலில் வைத்து, அளவாக நீர் ஊற்று."

புதிய பள்ளியில் எவரிடமும் பேசாதிருந்த மகள், நாள்தோறும் அந்தக் கன்றின் அருகே அமர்ந்தாள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அதன் நுனியில் சிறு தளிர் ஒன்று எழுந்தது. மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது அவள் தனியாக வரவில்லை. அந்தத் தளிரைக் காட்டுவதற்கு வகுப்புத் தோழி ஒருத்தியை அழைத்து வந்தாள்.