துணியில் பட்ட பச்சை

வாசுதேவநல்லூரில் காலை வெயிலுக்கு மறைப்பே கிடையாது. மலை மேற்கே நிற்கிறது. கிழக்கே வயலும் தோப்புமாகத் திறந்து கிடக்கிறது. அர்த்தநாரீஸ்வரர் கோயிலை ஒட்டிய தெருவில், கிழக்கு பார்த்த வாசல்களில் ஏழு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. எதிர்வீட்டு ஆச்சி நடைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் கால்மேல் கிடத்தியிருக்கிறாள். பிறந்து நாலாம் நாள். வெயில் கண்ணில் படாமல் முந்தானையைப் பிடித்திருக்கிறாள்.

பிள்ளை மஞ்சளாக இருக்கிறது. ஆச்சி அதன் மூக்கு நுனியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடுக்கிறாள். விரல் பட்ட இடம் மஞ்சள் பூசினாற்போல் தெரிந்து, பிறகு ரத்தம் ஓடி மறைகிறது.

"இளவெயில்ல காட்டுனா வடிஞ்சிரும்" என்கிறாள், பால்செம்போடு போகிறவளிடம்.

அவள் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வராது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு சுமார் 60 பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், குறைமாதப் பிள்ளைகளை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைப்பார். அப்படி வைத்த ஒரு பிள்ளையின் உடம்பு வெளுத்திருந்தது; விரிப்பின் முனை மறைத்திருந்த இடம் மட்டும் முக்கோணமாக மஞ்சள் மாறாமல் நின்றது. இன்று மருத்துவமனைகளில் பிள்ளைகளின் மேல் எரியும் நீல விளக்குக்கு அதுதான் தொடக்கம். ஆனால் அந்த விளக்கை அளந்து வைக்கலாம், ரத்தம் எடுத்துச் சரிபார்க்கலாம். நடைப்படி வெயிலுக்கு அந்த அளவு கிடையாது.

பிள்ளை முகத்தைச் சுளிக்கிறது. கக்குகிறது. ஆச்சி தோளில் கிடந்த பழைய வேட்டித் துணியால் வாயைத் துடைத்து, துணியை மடித்துப் பக்கத்தில் போடுகிறாள். மடிப்பின் ஓரத்தில் பச்சை. பால் திரைந்த வெள்ளை இல்லை. வேப்பிலையை அரைத்து வழித்தது போன்ற பச்சை.

பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்க வந்த நர்ஸம்மா செருப்பைக் கழற்றும்போதே அந்தத் துணி கண்ணில் பட்டுவிட்டது. மஞ்சளை அவர் அப்புறம்தான் பார்த்தார்.

"எப்பலேர்ந்து ஆச்சி பச்சையா கக்குது?"

"நேத்து ராத்திரி ரெண்டு தரம்மா. பாலு சேரல போல."

"காட்டுப்பீ போச்சா?"

"பொறந்த மறுநா இம்புட்டுப் போச்சு. பெறகு ஒண்ணுமில்ல."

நர்ஸம்மா பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் போனை எடுத்து 108ஐ அழைத்தார்.

பச்சை என்பது பித்தநீர். குடலுக்குப் போய்க் கீழே இறங்க வேண்டியது மேலே ஏறி வருகிறதென்றால், வழி எங்கோ அடைபட்டிருக்கலாம். சில பிள்ளைகளுக்குச் சிறுகுடலின் ஒரு பகுதி கருவிலேயே துளையில்லாமலோ சுருங்கியோ அமைந்துவிடும். சிலருக்குக் குடல் தன் இடத்தில் நிலைகொள்ளாமல், பிறந்த பிறகு முறுக்கிக்கொள்ளும். சிலருக்குப் பெருங்குடலின் கடைசியில் நரம்பணுக்கள் இல்லாமல் மலம் நகராது. முறுக்கு விழுந்தால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடலே அழுகும். அடைப்பு இருந்தால் மஞ்சளும் கூடும். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபினைக் கல்லீரல் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு குடலில் இறக்குகிறது. பிள்ளையின் முதல் மலமான காட்டுப்பீயில் அது நிறையவே இருக்கும். மலம் போகாமல் தேங்கினால், குடலில் உள்ள நொதி அதைப் பிரித்துவிட, குடற்சுவர் உறிஞ்சி மறுபடியும் ரத்தத்துக்கே அனுப்புகிறது. பாலும் தங்காததால் மஞ்சள் இன்னும் ஏறுகிறது. அளவு மிஞ்சினால் மூளையைத் தொடும். தோலில் விழும் வெயில் அடைபட்ட குடலைத் திறக்காது. அதைத் திறக்க அறுவை மருத்துவர் வேண்டும். திறந்து, மலம் இறங்கத் தொடங்கினால் மஞ்சளும் இறங்கும்.

இது மஞ்சள் தட்டிய எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை, அபூர்வம். ஆனாலும் பிறந்த பிள்ளை பச்சையாகக் கக்கினால், அடைப்பு இல்லையென்று படம் எடுத்துத் தெளியும்வரை அதை அவசரமாகவே கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. எந்தக் குடலில் என்ன கோளாறு என்று திண்ணையிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. நர்ஸம்மாவும் சொல்லவில்லை.

உள்ளறையிலிருந்து பிள்ளையின் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. பச்சை பட்ட துணியையும் போனில் பேசும் நர்ஸம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகணும் தாயி. அங்க குழந்தைகளுக்கு ஆபரேசன் பண்ற டாக்டருங்க இருக்காங்க. ஆபரேசன் வேணுமா இல்லையான்னு அவங்கதான் சொல்லுவாங்க."

ஆச்சி எழுந்து உள்ளே போய்ச் சங்கும் ஒரு கிண்ணமுமாகத் திரும்பினாள். "வெறும் வயிறா அம்புட்டுத் தூரம் எப்படிம்மா? ரெண்டு சங்கு சீனித்தண்ணி..."

"வேண்டாம் ஆச்சி. ஒரு சொட்டுகூட வேண்டாம். கக்குறது நெஞ்சுக்குள்ள போயிரும். ஊசி வழியா அவங்க ஏத்திக்குவாங்க. நீங்க பிள்ளைய நல்லாச் சுத்தி, நெஞ்சோட அணைச்சு வச்சுக்கோங்க, குளிரக் கூடாது. அந்தத் துணியத் துவைச்சிராதீங்க. டாக்டர் பாக்கணும்."

ஆச்சி சங்கைக் கீழே வைத்தாள். துணியை எடுத்து, பச்சை பட்ட பக்கம் தெரிகிறாற்போல மடித்து, மஞ்சள்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு மேலே வைத்தாள்.