எதிர் வீட்டு அக்கா கேட்டது

பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை முடிந்து வந்தேன். எதிர் வீட்டு அக்கா வாசலில் நின்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர், அண்ணாச்சி, தவறிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“செத்தவங்க எந்திரிப்பாங்கன்னு நீங்க நெசமாவே நம்புதியளா டீச்சர்?”

“ஆமாக்கா, நம்புதேன்.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சியின் கடைசி நாட்களை அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டிருந்தேன். துக்க வீட்டுக்குத் துண்டுப் பிரசுரத்தோடு போவதை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை. நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிற பேதுரு, அதைச் சாந்தத்தோடு சொல்லும்படியும் சேர்த்தே எழுதுகிறார். அக்கா கேட்டுவிட்டார்கள். இனி நான் ஆயத்தமாக வேண்டும்.

சனி

கொரிந்தியர் முதல் நிருபம், 15ஆம் அதிகாரம். பவுல் இதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 55இல், சிலுவைக்குப் பின் 25 ஆண்டுகள் போல. உயிர்த்தவரை ஒரே வேளையில் கண்ட ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்ற துணிவு அதில் இருக்கிறது. என் விசுவாசம் ஊன்றி நிற்கும் இடம் இதுதான். ஆனால் அக்காவுக்கு முதலில் வேண்டியது சாட்சிகளின் பட்டியல் அல்ல. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு அவன் கல்லறையருகே அழுதாரே, அதைச் சொல்ல வேண்டும். “அழாதே, நம்பு” என்று ஆறுதல் சொல்பவர்கள் யோவான் 11ஐ இன்னொரு தடவை வாசிக்கலாம்.

ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை முடித்து, என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூ கொண்டுபோனேன். அக்காவும் கூட வந்தார்கள். மகதலேனா மரியாள் இருட்டோடு கல்லறைக்கு வந்ததையும், எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்ததையும், அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அடையாளம் கண்டுகொண்டதையும் சொன்னேன்.

“பேரு சொல்லியா கூப்பிட்டாரு?” அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருவில் எல்லாருக்கும் அவர்கள் மூத்த மகனின் அம்மா. பேர் சொல்லிக் கூப்பிட அண்ணாச்சி ஒருவர்தான் இருந்தார்.

கொஞ்சம் பொறுத்து, “அப்ப அவுக?” என்றார்கள்.

இதற்குச் சாமர்த்தியமான பதில் எதையும் நான் விரும்பவில்லை. “தீர்ப்பு என் கையில இல்லக்கா. அழத் தெரிஞ்ச ஆண்டவர் கையில அவுகள விடுதேன்” என்றேன். நான் முழு மனதோடு நம்புவதும் அதுதான்.

திங்கள்

சாயங்காலம் அக்காவே வந்து, “பொறவு என்னாச்சு?” என்றார்கள். லூக்கா 24ஐ எடுத்தேன். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். துக்கத்தோடு நடக்கும் இருவருடன் இயேசு சேர்ந்துகொள்கிறார். என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று முதலில் கேட்கிறார். அவர்கள் மனக்குறை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வேதத்தை விளக்குகிறார்.

அவர்கள் அவரை இரவு தங்கச் சொல்லும் இடம் வரை வாசித்தோம். “மிச்சத்த நாளைக்கு வாசிப்போம், மருமகளும் கேக்கணும்னா” என்று அக்கா எழுந்தார்கள்.