பதிவு இல்லாத ஊர்

எங்கள் வீட்டில் பொங்கல் சுற்றுலா ஐப்பசி மாதமே தொடங்கிவிடும். கிளம்புவது தையில்தான் என்றாலும் இடம் பிடிக்கிற வேலை அப்போதே ஆரம்பம். 2026-இல் பொங்கல் வியாழக்கிழமை. வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி காணும் பொங்கல், ஞாயிறு எப்படியும் விடுமுறை. நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் சென்னையில் பாதிப் பேர் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருப்பார்கள். ரயில் முன்பதிவுக்கு முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள்தான். ரயிலில் போகாதவர்களையும் அந்தக் கணக்கு விடுவதில்லை. நவம்பர் நடுவில் ஊரே கைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறது. புதுச்சேரியில் அறை, சுண்ணாம்பாற்றில் படகு, ஆரோவில் மாத்ரிமந்திருக்குள் போய் உட்கார அனுமதி, எல்லாரையும் ஏற்றிப்போக ஒரு வேன். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், ரசீது.

இந்த ஏற்பாடுகளை நான் கேலி செய்யமாட்டேன். வயதான அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, அறை கிடைக்காமல் ராத்திரி பத்து மணிக்குப் புதுச்சேரித் தெருக்களில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பதிவு நமக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. எதைப் பதிவு செய்ய முடியுமோ அது மட்டும்தான் பட்டியலில் ஏறும். பதிவு செய்ய வழியில்லாத இடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண்ணில் படுவதில்லை.

மரக்காணம் அப்படிப்பட்ட இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வேன்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகின்றன. 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று சொல்லிக்கொண்டு வந்தால் அடுத்து வரும் பெயர் இதுதான். ஆந்திரத்திலிருந்து இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. கொஞ்சம் வடக்கே, கடப்பாக்கத்தில், 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே கைக்கு வந்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட ஆலம்பரைக் கோட்டை. தெற்கே கழுவேலி: 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய உவர்நீர் ஏரி. இவ்வளவும் இருந்தும், மரக்காணத்தில் வேன் நிற்பது டீக்குத்தான். மாத்ரிமந்திருக்குக் கொடுத்த நேரம் தவறிவிடுமே என்ற கவலையில் அந்த டீயும் பாதியில் நின்றுவிடும்.

சரி, பொங்கலுக்கே மரக்காணத்தில் இறங்கினால் என்ன பார்க்கலாம்? இதை அங்கே வரப்பு மேல் நின்றிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். சித்திரை வெயில். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காலையில் வாரிய உப்பைக் கூடையில் சுமந்து கொட்டிவிட்டு வந்திருந்தார். “பொங்கலுக்கா? அப்ப வந்து என்னா தம்பி பாப்பீங்க? சேறுதான் கெடக்கும்” என்று சிரித்தார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. வடகிழக்குப் பருவமழை பாத்திகளையெல்லாம் மூழ்கடித்துவிடும். தை பிறந்த பிறகுதான் தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். பிறகு உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட வேண்டும். உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவு கடல்நீரில் மூன்று டிகிரி இருக்கும். இருபத்தைந்தை நெருங்கினால்தான் உப்புப் பூக்கும். மழை முடிந்து வாரக் கணக்கில் வெயில் காய்ந்தால்தான் அது நடக்கும். பங்குனி, சித்திரையில் விளைச்சல் உச்சத்தில் இருக்கும்போது, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க ஆட்கள் இருட்டோடு வந்துவிடுகிறார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கென்று 2022-இல் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

ஆக, நாம் விரல் நோக இடம் பிடிக்கிற நவம்பரில் உப்பளம் தண்ணீருக்குள் கிடக்கிறது. நாம் வந்து இறங்குகிற பொங்கலில் அது சேறு. ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் மழை வாசலில் நிற்கிறது. கோடை விடுமுறையில் உப்பு உண்டு. ஆனால் அந்த வெயிலில் பத்து நிமிடம் நிற்க நமக்குத் தெம்பு இல்லை. விடுமுறைப் பட்டியல் சர்க்கார் போடுவது. உப்பளத்தின் பட்டியலை மழையும் வெயிலும் போடுகின்றன. இரண்டையும் யாரும் ஒத்துப்பார்த்ததில்லை.

மழை நம் பதிவுகளையும் மதிப்பதில்லை. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த வார இறுதிக்கு அறை எடுத்து வைத்திருந்தவர்களிடம் ரசீது பத்திரமாக இருந்தது. தெருக்களில் வெள்ளம் நின்றது.

மரக்காணத்தைப் பார்க்க ஏற்ற காலம் எது என்று கேட்டால், மாசி என்பேன். பாத்திகளில் முதல் வெள்ளை தெரிய ஆரம்பித்திருக்கும். வலசை வந்த கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் கழுவேலியை விட்டு இன்னும் முழுதாகக் கிளம்பியிருக்காது. வெயிலும் தாங்கும். மாசிமகத்தன்று மயிலம், தீவனூர், செஞ்சி என்று பல ஊர்ச் சாமிகள் கடலாடப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து சேர்கின்றன. கூட்டம் அலைமோதும். யாரும் இடம் பிடித்து வைத்துக்கொண்டு வருவதில்லை. மாதமும் நட்சத்திரமும் பார்த்து வருகிறார்கள், அவ்வளவுதான். மாதத்தைப் பார்த்துக் கிளம்புகிற அந்தப் பழக்கம் நமக்கு ஒன்றும் புதிதல்ல.

உப்பளத்துக்கும் சீட்டுப் போட்டு, நேரம் கொடுத்து, மேடை கட்டினால் வேன்கள் நிற்குமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நின்றால் ஊருக்கு நாலு காசு வரும். அதை மறுக்க முடியாது. ஆனால் அது கூலிக்கு ஆட்கள் உழைக்கிற இடம். நம் பதினோரு மணிச் சீட்டுக்காக அவர்கள் பதினோரு மணி வெயிலில் உப்பு வாரிக் காட்ட வேண்டி வந்தால், அந்த வேடிக்கை எனக்கு வேண்டாம். அவர்கள் வேலை முடிக்கிற நேரத்துக்கு நாம் எழுந்து போவதுதான் முறை.

அதனால் பொங்கலுக்கு வழக்கம்போல் புதுச்சேரி அறையைப் பதிவு செய்துகொள்வோம். அம்மா தூங்க வேண்டுமே. மரக்காணத்துக்கு மாசியில் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் போகலாம். அறை வேண்டாம், ரசீது வேண்டாம். அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு மட்டும் வாங்க வேண்டும். “பண்டிகையா, கல்யாணமா?” என்று மேலாளர் கேட்பார். உப்பு பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். இத்தனை முன்பதிவுகளிலும் கடினமானது அதுதான்.