மாப்பிள்ளை என்ன சாப்பிட்டார்?

நந்திக்கே கல்யாணம் செய்து வைக்கிற ஊர் திருவையாறு. பங்குனியில் கொள்ளிடத்தைத் தாண்டித் திருமழபாடியில் முகூர்த்தம். விருந்துக்குத் திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு, திருப்பழனத்திலிருந்து பழம், தில்லைஸ்தானத்திலிருந்து நெய் என்று ஊர் ஊராகச் சீர் வந்ததாக ஐதீகம்.

"எல்லாம் சரி பெரியப்பா, மாப்பிள்ளை என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டேன்.

"நரிப்பயத்தங்கொடிதான். வேறென்ன?" என்றார், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி.

தியாகராஜ ஆராதனைக்கென்று ஆபீஸில் லீவு போட்டுவிட்டு, தஞ்சாவூரில் பஸ் பிடித்து வந்திருந்தேன். பஞ்சரத்ன கீர்த்தனை முடிந்ததும் பெரியப்பா என்னை வயல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். சம்பா அறுவடை நேரம்.

நரிப்பயறு நம் பாசிப்பயறுக்குப் பங்காளி. மஞ்சள் பூ, தரையோடு படரும் கொடி. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே விதையைத் தூவிவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்துவிடும். பனிப்பயறு என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. மாடு தின்றது போக மிச்சத்தை மடக்கி உழுதால் வயலுக்கு உரம்.

மாட்டுக்கு வைக்கோல் என்பது நமக்கு மெஸ் ரசம் மாதிரி. வயிறு நிரம்பும், தெம்பு வராது. வைக்கோலில் புரதம் 100-க்கு 3, 4 பங்குதான். மாட்டின் வயிற்றில் நார்த்தீனியைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். தீனியில் 7 பங்காவது புரதம் இல்லாவிட்டால் அவை வேலைநிறுத்தம் செய்துவிடும்! பயறு இனத் தழைகளில், காயவைத்த கணக்கில், பொதுவாக 15-க்கு மேல் இருக்கும். அகத்திக்கீரையில் 20-ஐயும் தாண்டும். வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதன் பலன் இது.

அதற்காகப் பசித்த மாட்டுக்கு ஈரத்தழையை மட்டும் அள்ளிப் போட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். வைக்கோலோடு கலந்துதான் போட வேண்டும். பயறு இனம் என்றாலே மாடு தின்னும் என்பதும் இல்லை. கொழுஞ்சியும் அதே குடும்பம்தான். மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

பக்கத்து வயலில் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊடே முளைத்த கன்றுகளெல்லாம் அதன் பட்டைக்கடியில் சட்னி. உளுந்துக்காவது சந்தையில் விலை உண்டு. நரிப்பயறை யார் கேட்கிறார்கள்? கொடி போன இடத்தில் மூட்டைத் தீவனம் வந்துவிட்டது. பால் காசு தீவனக் கடைக்கே போகிறது.

பெரியப்பா மட்டும் ஒரு மா நிலத்தைக் கையறுப்புக்கென்று ஒதுக்கியிருக்கிறார், ஒற்றைப் பசுவுக்காக.

"கூலியைப் பாத்தா நஷ்டம்தானே பெரியப்பா?"

"நஷ்டம்தான்டா தம்பி. ஒரு வருஷம் விதைக்காம விட்டுட்டு, அடுத்த வருஷம் வெதைக்கு எந்தக் கடையில போய் நிப்பேன்?"

பதில் தெரியவில்லை. மாதாமாதம் சம்பளக் கணக்குப் போடுகிற எனக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

திரும்பும்போது அசோகா அல்வா வாங்கினேன். பாசிப்பருப்பில் செய்வது. பங்காளியின் தயவில் எனக்கு அல்வா. பெரியப்பா வீட்டுப் பசுவுக்கு, இந்த வருஷமாவது, நரிப்பயத்தங்கொடி.