வெற்றுக் கட்டம்

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்கு இரு தினங்கள் இருக்கையில், வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருந்த நான், அக்காலத்தில் யாழ்ப்பாண நகரில் ஓர் அலுவலகத்தில் முதலீட்டுத் தரவுகளை மென்பொருளொன்றிற் பதிந்து வந்தேன்.

அம்மென்பொருளின் அமைப்பை முதலிற் கூறவேண்டும். பத்திரங்களை வெளியிடும் வழங்குநருக்கு ஓர் ஏடு. அவர் வெளியிட்ட ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு வரி. நாடு, துறை, கடன்தரம் ஆகியன வழங்குநரின் ஏட்டில் ஒருமுறை எழுதப்படும். பத்திரத்தின் கட்டத்தை வெறுமையாக விட்டால் வழங்குநரின் பெறுமதியே அங்கு வந்து அமரும். அக்கட்டத்தில் வேறொன்றை மேலெழுதினால் அப்பத்திரத்தைப் பொறுத்தவரை அதுவே செல்லும். ஆயிரம் வரிகளைத் தனித்தனியே நிரப்பும் தொல்லை இல்லை. நானும் மெச்சினேன்.

ஏப்பிரல் 25ஆம் நாள் எஸ் அண்ட் பி நிறுவனம் இலங்கையின் வெளிநாட்டு நாணயத் தரத்தைத் 'தெரிவுசெய்த கடன்களில் தவறுகை' என்னும் நிலைக்கு இறக்கியது. அதனை அரசின் ஏட்டிற் பதிந்தேன். டொலர் முறிகளோடு ரூபாய்த் திறைசேரி உண்டியல்களும் திரையிற் சிவந்தன. 'தெரிவுசெய்த' என்ற அடைமொழியை நான் வாசிக்கவேயில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியையான பெரியம்மா தமது பணிக்கொடையை உண்டியலில் இட்டிருந்தார். முதிர்வுக்கு ஒரு வாரமே இருந்தது. பெற்றோல் கிடையாத நாட்கள். சைக்கிளிற் சென்று, இனிப் போடவேண்டாம் என்றேன்.

"நீ கொம்பியூட்டரிலை பாத்துத்தானே தம்பி சொல்லுறாய்? அப்ப எடுப்பம்" என்றார்.

மறுநாட் காலை அலுவலக மூத்தவர் உண்டியல் வரிகளில் வேறு தரத்தை மேலெழுதினார். உள்நாட்டு நாணயத்துக்கு அந்நிறுவனமே வேறு தரம் வைத்திருந்தது. அன்றே சென்று பெரியம்மாவிடம் கூறியிருக்கலாம். நேற்றுக் கூறியதை இன்று மாற்ற வெட்கம், கூறவில்லை.

பணம் சேமிப்புக் கணக்கிற் கிடந்தது. புதிய உண்டியல்களின் வட்டி 20 வீதத்தைத் தாண்டியிருந்தது. முதிர்ந்த உண்டியல்களுக்கு அரசு பணம் கொடுத்தே வந்தது. செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். பெரியம்மாவின் பணிக்கொடை அரிசியிலும் மருந்திலும் கரைந்தது.

எனது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 2023இல் நடைபெற்ற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், ஊழியர் சேமலாப நிதியம் வைத்திருந்த திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. பொதுமக்களின் உண்டியல்கள் தொடப்படவில்லை. ஆகவே ரூபாய்ப் பத்திரம் யாவும் பத்திரமே என்று மேலெழுதியவரும் ஓராண்டின் பின் பிழைத்திருப்பார். மேலெழுதிய பெறுமதி பிடிவாதமானது; வழங்குநரின் ஏடு திருந்தினாலும் அது அசையாது. டொலர் முறிகளும் ஒருதன்மையன அல்ல. 2022 ஜூலையில் முதிரவிருந்த 100 கோடி டொலர் முறியை மறுசீரமைக்க, அம்முறியை வைத்திருப்போரில் மாத்திரம் 75 வீதத்தினரின் இணக்கம் வேண்டும். அதில் 25 கோடிக்கு மேல் வைத்திருந்த ஹமில்டன் றிசேர்வ் வங்கி, அவ்வாண்டு ஜூனில் நியூயோர்க்கில் வழக்கிட்டது. அரசின் ஏட்டை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

இவற்றையெல்லாம் கலைப்பீடத்திற் பொருளியல் பயில வந்தபின்னரே அறிந்தேன். ஒருநாள் பெரியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் கூறவில்லை.

சென்ற மாதம் மீண்டும் உண்டியல் போடப் புறப்பட்டார். போடலாமா என்று என்னைக் கேட்கவில்லை. படிவத்தை மட்டும் நீட்டி, அடியிலுள்ள சிறிய எழுத்துக்களை உரத்து வாசிக்கச் சொன்னார்.