ஆணியில் மாட்டிய சாவி

என் இடது முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. நெய்து முடித்த பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு, பெரணமல்லூரிலிருந்து ஆரணிக்கு மொபெட்டில் போன நாளில் விழுந்தது. வளைவில் ஆக்சிலேட்டரை விட்டேன். கைப்பிடி திரும்பி வரவில்லை. பிரேக் பிடித்தேன், ஈரமண்ணில் சறுக்கி வண்டி வாய்க்காலில் இறங்கியது. நனைந்த சேலைக்கு முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். “பயத்துல முறுக்கியிருப்பா” என்றது தெரு. என் வீட்டுக்காரரும் அதையே சொல்லி, சாவியை என் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டினார்.

நான் முறுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் கேபிளைக் கழற்றினார். உள்ளே இரண்டு இழை அறுந்து, உறைக்குள் சுருண்டு சிக்கியிருந்தது. அதைப் பார்க்க யாரும் வரவில்லை. எனக்கு இருந்த ஒரே சாட்சி பழைய இரும்போடு போயிற்று.

2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலையை, அதிகபட்சம் 25,000 ரூபாயை, அரசு மானியமாகத் தரும் திட்டம் வந்தது. எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் விண்ணப்பிக்க ஆசைப்பட்டார்கள். என் வாய்க்கால் கதையைச் சொல்லியே அவர்களைத் தடுத்தார்கள். முழங்கால் வலியைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் சொந்தச் சம்பளத்தில் பைக் வாங்கினாள். அதில் ஆக்சிலேட்டர் கேபிளே கிடையாது. எனக்குப் பயமாக இருந்தது. தறியில் காலை மிதித்தால் பாவு பிரிவதைக் கண்ணால் பார்க்கிறவள் நான். கயிறு இல்லாமல் எது எதை இழுக்கும்?

அவள் பொறுமையாகச் சொன்னாள். 2006இல் யமஹா ஆர்6 வண்டியில் த்ராட்டிலைத் திறக்கும் வேலையைக் கணினியிடம் கொடுத்தார்கள். அப்போதும் கைப்பிடியிலிருந்து சென்சார் வரை கேபிள் இருந்தது. நம் நாட்டில் 2017இல் கேடிஎம் 390 டியூக், 2020இல் ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்று அது பரவியது. கைப்பிடி எவ்வளவு திரும்பியது என்பதை இரண்டு சென்சார்கள் தனித்தனியாகச் சொல்லும். கணினி இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போனால்தான் சின்ன மோட்டார் காற்று வழியைத் திறக்கும். முரண்பட்டால் வேகத்தைக் குறைத்துவிடும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் மூடிவிடும். “ஒருத்தர் சொல்ல மட்டும் கேட்டு முடிவு பண்ணாதும்மா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் விஷயத்தில் ஊர் அந்த ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை.

இதற்கும் குறை உண்டு. போன மழையில் சேத்துப்பட்டு அருகே இருட்டில் அவள் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எவ்வளவு முறுக்கியும் ஊர்ந்துதான் போனது. கேபிள் என்றால் வழியில் எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார். இதற்குக் கருவி வேண்டும், சர்வீஸ் சென்டர் வேண்டும். இரவில் தனியாகப் போகும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் வண்டி அவளை இழுத்துக்கொண்டு ஓடவில்லை. அவள் விழவில்லை.

மறுநாள் சர்வீஸ் பையன் முதலில் கேட்டது, “என்ன பண்ணீங்க மேடம்?” பிறகு கருவியைச் செருகிப் பார்த்தான். இரண்டு சென்சாரும் வேறு வேறு அளவு சொன்னதாகப் பதிவாகியிருந்தது. கனெக்டரில் தண்ணீர். “உங்க மேல தப்பில்ல” என்றான். மகள் நிம்மதியானாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவளும் அதைத்தானே முதலில் சொன்னாள்?

அன்று வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி ஆணியிலிருந்த சாவியை எடுத்தேன். மொபெட்டுக்குப் புது கேபிள் போட்டாயிற்று. கிளம்பும் முன், இஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பிவைத்துக் கைப்பிடியை முறுக்கி விடுகிறேன். ‘டக்’ என்று திரும்ப வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் புறப்படுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.